துருவை வென்ற துப்பாக்கிகள்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைக் கண்டு பாடிய புறநானூற்றின் 95ஆம் பாட்டைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோற் பழிக்கும் அப்பாட்டில் வரலாற்றுச் செய்தி ஒன்றும் உண்டு. கொட்டிலில் வைக்கும் இரும்பிற்கு நெய் பூசிப் பேணும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது என்பதே அது.

வேலுக்கு நெய் போதும். துப்பாக்கிக்கு அது மட்டும் போதாது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிகளில் வழங்கிய கருமருந்து, வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றன் கலவையாகும். அது எரியும்போது பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மப் பொருளாகிறது. அதில் ஒரு கூறு வெண்புகையாய் வெளியேற, எஞ்சியது குழலினுள் கசடாகப் படிகிறது. அக்கசட்டிலுள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. கசட்டின்மேல் எண்ணெய் பூசினால் உப்பு கரையாது; எண்ணெய்க்கடியில் துரு வளரும். ஆதலின் முதலில் வெந்நீரால் குழலைக் கழுவ வேண்டும். அடுத்து ஈரமறத் துடைத்து உலர்த்த வேண்டும். அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும். இவ்வரிசை மாறினால் உழைப்பு வீணாகும்.

எண்ணெயிலும் குறையுண்டு. விலங்குக் கொழுப்பு நாளடைவில் சிக்குப் பிடித்து அமிலமாகி இரும்பை அரிக்கும். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காய்ந்து பிசினாகிப் பொறியை இறுக்கிவிடும். 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர் மண்ணெண்ணெய்த் தொழில் வளர்ந்தது. அதன் வழியே, எளிதிற் கெடாத கனிம எண்ணெய்களும் வாசலின் போன்ற கெட்டிப் பசைகளும் பெருவழக்காயின. அதற்கு முற்பட்ட காலத்தில், பூசிய எண்ணெயைத் துடைத்து மீண்டும் மீண்டும் புதிதாகப் பூசுவதன்றி வேறு வழியில்லை.

இத்தகைய பேணுதலின் பெருமையை இன்றும் காட்டி நிற்பது ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரப் படைக்கலக் கொட்டில். கிராஸ், ஸ்டைரியா மாநிலத்தின் தலைநகர். துருக்கியப் பேரரசின் படையெடுப்புகளை அஞ்சி வாழ்ந்த அம்மாநிலத்தார், 1642 முதல் 1645 வரை இக்கொட்டிலைக் கட்டினர். உள்ளே தளங்களும் அடுக்குகளும் மரத்தாலானவை. மரம் காற்றின் ஈரத்தை ஓரளவு தன்னுள் வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. திரியால் வெடிப்பன, சக்கரப் பொறியால் வெடிப்பன, தீக்கல்லால் வெடிப்பன எனப் பலவகைத் துப்பாக்கிகளும், கவசங்களும், வாள்களும், ஈட்டிகளுமாக ஏறத்தாழ 32,000 பொருள்கள் இன்றும் அங்குள்ளன.

இவை அழியாது எஞ்சியதற்கு எண்ணெய் மட்டும் காரணமன்று. 1749இல் அரசி மரியா தெரேசா நாட்டின் பாதுகாப்பை ஒரே ஆட்சியின்கீழ் கொணர்ந்தபோது, இக்கொட்டிலைக் கலைத்துவிடக் கருதினார். பழைய படைக்கலங்கள் பயனற்ற இரும்பெனக் கழிக்கப்படவிருந்தன. மாநில மன்றத்தார் அதற்கு இசையவில்லை. முன்னோரின் வீரத்துக்கு நினைவுச் சின்னமாக அவற்றை விட்டுவைக்க வேண்டினர். அரசியும் இசைந்தார். போருக்கெனப் பேணப்பட்டவை, அன்று முதல் நினைவுக்கெனப் பேணப்படலாயின.

ஔவையாரின் காலத்தில் பளபளக்கும் படைக்கலம் போர் காணாமைக்கு அடையாளம். அவர் நகைத்தது தொண்டைமானின் செருக்கையே. நெய் பூசியவனின் உழைப்பையன்று. அதியமானின் முறிந்த வேல்களுக்குப் பாட்டொன்று வாய்த்தது. ஆயினும் அவ்வேல்களுள் ஒன்றேனும் இன்று நம் கண்முன் இல்லை. கிராஸ் நகரத் துப்பாக்கிகளோ தலைமுறை தலைமுறையாகத் துடைத்த கைகளால் இன்றும் நிற்கின்றன. அக்கைகளுக்குரியோரின் பெயரை எப்புலவரும் பாடவில்லை. பாட்டைக் காக்க ஏடெழுதியோர் வேண்டியிருந்ததுபோல், இரும்பைக் காக்க இவர்கள் வேண்டியிருந்தனர். வீரரை வியக்கும் மாணவர், பேணியோரையும் மதிக்கக் கற்பாராக.