நீறுபூத்த வகை

ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்ன அன்றே, "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று பெரியப்பாவை அனுப்பிவிட்டார்கள். வேடசந்தூர் வரும்வரை பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "ஏப்பா, நோவு இருக்குங்கிறாங்க, மருந்து வேணாங்கிறாங்க. காசில்லாதவன்னு நெனச்சுட்டாங்களோ?"

என்னிடம் பதில் இல்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அன்றிரவு படிக்க உட்கார்ந்தவன் எங்கெங்கோ சுற்றி ஜப்பானில் போய் நின்றேன். பெரியப்பாவுக்கு வந்தது பி-செல் நோய். நான் போய்ச் சேர்ந்தது டி-செல் நோயிடம். இரண்டும் வேறு வேறு. ஆனால் எப்போது காத்திருக்கலாம் என்ற அவருடைய கேள்விக்கு எண்களால் பதில் தேடிய வரலாறு அங்கே இருந்தது.

1977இல் கியோட்டோவில் தகாட்சுகியின் குழு 16 நோயாளிகளைப் பற்றி எழுதியது. எல்லோரும் வயது வந்தவர்கள். அவர்களுடைய ரத்தத்தில் அணுக்கரு பூவிதழ்போல மடிந்த டி-செல்கள். 16 பேரில் 13 பேர் கியூஷு தீவில் பிறந்தவர்கள். நம் பக்கம் "எந்த ஊரு?" என்று கேட்டால் அடுத்த கேள்வி என்னவென்று நமக்குத் தெரியும். அங்கே அந்தக் கேள்வி ஒரு வைரஸ் வரை போனது. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் குழு ஹெச்.டி.எல்.வி-1 கண்டுபிடிப்பை வெளியிட்டது. 1981இல் ஹினுமாவின் குழு ஜப்பானிய நோயாளிகளிடம் அந்தத் தொடர்பைக் காட்டியது. மனிதரிடம் கண்டறியப்பட்ட முதல் ரெட்ரோவைரஸ் இதுதான். தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியாகப் பரவும். தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்தே, புற்றுநோய் வரும்.

வைரஸ் என்றால் எங்களூருக்குப் பழைய சங்கதி. புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. 1892இல் இவானோவ்ஸ்கியும் 1898இல் பெயரிங்கும் முதன்முதலாக வைரஸின் தடத்தைப் பிடித்தது புகையிலைத் தேமலில்தான். பெரியப்பாவும் புகையிலை போட்டவர். தேமல் விழுந்த செடியைக் கண்டால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார், பிடுங்கி எறிந்துவிடுவார். அவரைப் போய்க் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஜப்பானியர்களின் சிக்கலும் அதுதான். ஒரே பெயருள்ள நோயில் சிலர் சில மாதங்களில் இறந்தார்கள், சிலர் வருடக்கணக்கில் நடமாடினார்கள். 1991இல் ஷிமோயாமாவின் குழு 818 நோயாளிகளை வைத்து நோயை நான்காகப் பிரித்தது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் நிணவணுக்கள் 4,000க்குக் குறைவு, அவற்றில் இயல்பற்றவை 5 சதவீதமோ அதற்கு மேலோ, கால்சியம் சரியாக, எல்.டி.ஹெச். இயல்பைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் முதல் வகை. நீறுபூத்த நெருப்பு என்றுதான் அதன் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும். நிணவணுக்கள் 4,000க்கு மேல் போய், எல்.டி.ஹெச். இரு மடங்குக்குள் நின்றால் நாள்பட்ட வகை. ரத்தத்தில் அநேகமாக ஒன்றுமில்லாமல் நெறிகட்டிகளில் நோய் இருந்தால் லிம்போமா வகை. இந்த மூன்றிலும் சேராதவர்கள் எல்லாம் தீவிர வகை. கோடு எழுதுகிறவனுக்கு இந்தக் கடைசி வரி புரியும்: எந்த நிபந்தனையிலும் அடங்காதது வந்து விழுகிற இடம். இங்கே அந்த இடத்தில் விழுந்தவர்கள்தான் முதலில் இறந்தவர்கள். நான்கு ஆண்டுகள் கடந்தவர்கள் நீறுபூத்த வகையில் 62.8 சதவீதம், நாள்பட்ட வகையில் 26.9, லிம்போமாவில் 5.7, தீவிர வகையில் 5.

சாந்தமான வகைகளுக்கு உடனே கீமோ கொடுக்காமல் கண்காணிப்பது இந்தப் பிரிவினையிலிருந்து வளர்ந்த வழக்கம். அதுவும் முடிந்த பதில் இல்லை. அந்தச் சாந்த வகையினரையே நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளிவந்த ஆய்வில், பாதிப் பேர் சுமார் நான்கு ஆண்டுகளுக்குமேல் இருக்கவில்லை. காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்பதை அந்தக் கணக்குதான் எனக்குப் புரியவைத்தது.

பெரியப்பாவிடம் எண்களைச் சொல்லவில்லை. அவை வேறொரு நோயின் எண்கள். "நீறுபூத்த நெருப்பு பெரியப்பா. இப்ப ஊதிவிட வேணாம்னு பாக்குறாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அடுப்பவிட்டு எந்திரிக்கக் கூடாதுல்ல?"

அடுத்த தவணைக்கு அவரே என்னைக் கிளப்பினார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. முன்பு புகையிலை எடைக்கணக்கு எழுதியது. அதன் கடைசிப் பக்கத்தில், போன தடவை வந்த வெள்ளையணு எண்ணிக்கையைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.