முகப்பு கிழிந்த புத்தகங்கள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் சில சமயம் ஒரு பழைய செபப் புத்தகம் கிடைக்கும். முதல் பக்கங்கள் இருக்காது. ஓரங்கள் விரல் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். பழைய புத்தக வியாபாரி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, 'குறைப் பிரதி' என்று திருப்பித் தந்துவிடுவார்.

இரண்டு ஊர்களிலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். ஆகவே அந்தப் புத்தகம் புதுவை மிஷன் அச்சுக்கூடத்தில் அடித்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அச்சுக்கூடத்தோடு நெருக்கமாக இருந்த பெயர் லூயி சவினியன் துப்புயி. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தர 1844இல் உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியவரும் இவரே. எழுத்துப் படிப்பது தேவதாசிகளின் காரியம் என்று குடும்பங்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அச்செழுத்தும் அதை வாசிக்கப்போகும் பெண்ணும் ஒரே வளாகத்தைச் சுற்றி உருவானார்கள். எதை வாசிக்கலாம் என்பதைப் பாதிரிமார்தான் முடிவுசெய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துப்புயியும் முசேயும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. இரண்டு மிஷனரிகள் என்று மட்டும் இருக்கும். பணிவுக்காக மறைந்துகொண்ட ஆண்களை நூலகப் பட்டியல்கள் கண்டுபிடித்துவிட்டன. அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு மறைந்துகொள்ளக்கூட ஒரு முகப்புப் பக்கம் இருக்கவில்லை.

சென்னையில் அச்சான புத்தகம் என்றால் துப்புக் கிடைக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட நூல்கள் பதிவாயின. எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பதெல்லாம் மூன்று மாதத்துக்கொரு முறை பட்டியலாக வந்தன. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு மண். அங்கே அந்தச் சட்டம் செல்லவில்லை. புத்தகத்தையேதான் விசாரிக்க வேண்டும்.

பெரிய நூல்களில் தொல்லை குறைவு. தேம்பாவணி முதற்பதிப்பு 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாக வந்தது. அகராதியின் முதல் பாகம் 1855, இரண்டாவது 1862. 1895 என்றிருந்தால் அது இரண்டாம் பதிப்பு. பிந்திய பாகத்தைச் சேர்த்துக் கட்டிய கலப்புச் செட்டுகள் இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு பாகத்தின் முகப்பையும் தனியே பார்க்க வேண்டும். அலமாரியில் நின்ற நூல்கள் இவை, அதனால் பிழைத்தன.

செபப் புத்தகம் கையிலேயே தேய்ந்தது. அதன் வயதைச் சொல்ல ணா, றா, னா என்ற பழைய எழுத்துருவங்களை நம்பக் கூடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அவை அச்சில் இருந்தன. தாளைத் தொட்டுப் பாருங்கள். கந்தல் துணிக்கூழில் செய்த பழைய தாள் இன்னும் வளைந்துகொடுக்கும். நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாள் பழுத்து, மடித்தால் ஒடியும். கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் இருந்தால் அதிர்ஷ்டம். அதே நூலின் இன்னொரு பிரதியில் அந்தப் பிழைகள் உள்ளேயே திருந்தியிருந்தால், அநேகமாக நம்முடையது முந்தியது. ஈஸ்டர் வரும் தேதிகளை வருஷவாரியாகத் தந்த அட்டவணை இருந்தால், அது தொடங்கும் வருஷம் நல்ல சாட்சி. ஆயரின் அனுமதித் தேதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதற்பதிப்புக்குக் கிடைத்த அனுமதியையே மறுபதிப்பிலும் அச்சிட்டுவிடும் வழக்கம் உண்டு.

இன்னொரு சாட்சி கையெழுத்து. மடத்துப் பள்ளியின் முத்திரை, பரிசுச் சீட்டு, புதுநன்மை வாங்கிய நாள், பிள்ளை பிறந்த நாள். அந்தக் குறிப்பை எழுதிய பிறகு புத்தகம் அச்சாகியிருக்க முடியாது என்பது உறுதி. எவ்வளவு முன்னால் என்பதைத்தான் தாளும் பிழைதிருத்தமும் சொல்ல வேண்டும். சேகரிப்பாளர்களுக்கோ கை படாத பிரதிதான் உயர்ந்தது. மை, மெழுகுச் சொட்டு, மடித்த மூலை எல்லாம் விலையைக் குறைக்கும். அவர்கள் அழுக்கு என்று கழிப்பதில்தான் வாசித்தவள் இருக்கிறாள்.

அப்படி ஒரு புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அட்டையின் உட்புறத்தையும் வெற்றுத் தாள்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பைண்டர் முதலில் கிழித்துப் போடுவது அவற்றைத்தான்.