ஜேர்மன் இசையும் வரலாற்று நோக்கும்: கியோர்க் கினெப்லரின் ஆய்வுப் பணி

ஜேர்மன் இசையை 'ஜேர்மன் ஆன்மா'வின் வெளிப்பாடாகக் காணும் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேசியவாதத்துடன் வளர்ந்ததாகும். நாசிகளின் ஆட்சியில் அது இனக்கொள்கையாக உருமாறிற்று. 1938இல் டுசில்டோர்ப் நகரில் இசையும் இனமும் பற்றி உரையாற்றிய பிரீட்றிக் புளூமே, போருக்குப் பின்னர் மேற்கு ஜேர்மனியில் 1949 முதல் வெளிவந்த இசைக் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியராக விளங்கினார். ஆட்சி வீழ்ந்தபோதும் கல்வித்துறை அதிகம் மாறவில்லை என்பதற்கு இது சான்றாகும். இப்பின்னணியிலேயே மாக்சிய இசையியலாளரான கியோர்க் கினெப்லரின் (1906 - 2003) பணியை நோக்குதல் வேண்டும்.

வியன்னாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த கினெப்லர், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இசையியல் பயின்று, பிராம்ஸின் கருவியிசைப் படைப்புகளின் வடிவத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கார்ல் கிரவுஸ் ஒஃபன்பாக்கின் இசைநாடகங்களை மேடையில் வாசித்தபோது பியானோ இசைத்தவரும் இவரே. 1934இல் பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்து 1946இல் தாயகம் திரும்பிய அவருக்கு, வியன்னாவிலன்றிக் கிழக்கு பேர்லினிலேயே பல்கலைக்கழக வாழ்வு வாய்த்தது. அங்கு 1950இல் நிறுவப்பட்ட இசை உயர்கல்விக் கழகத்தின் முதல் அதிபராயிருந்தார். 1959 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஹம்போல்ட் பல்கலைக்கழக இசையியற்றுறைக்குத் தலைமை தாங்கினார்.

1961இல் வெளிவந்த அவரது பத்தொன்பதாம் நூற்றாண்டு இசை வரலாறு இரு தொகுதிகளைக் கொண்டது. முதற்றொகுதி பிரான்சையும் இங்கிலாந்தையும் ஆராய, இரண்டாவதே ஒஸ்திரியாவுக்கும் ஜேர்மனிக்கும் வருகின்றது. இவ்வைப்புமுறையே ஒரு வாதம் எனலாம்: பிரெஞ்சுப் புரட்சியையும் கைத்தொழிற் புரட்சியையும் விளங்காது ஜேர்மன் இசையை விளங்க முடியாது.

எனினும் முரண்பாடுகளை மறைத்தல் வரலாறாகாது. 1951இல் கிழக்கு ஜேர்மனியின் ஆளுங்கட்சி உருவவாதத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1953இல் ஹான்ஸ் ஐஸ்லரின் பவுஸ்ட் நாடக நூல் கடுந்தாக்குதலுக்கு உள்ளானது. அவ்வாண்டுகளிற் கினெப்லர் அரச நிறுவனமொன்றின் அதிபர். அடக்குமுறைக்குத் தப்பிய சிந்தனை, அதிகாரத்தின் நிழலில் எவ்வளவு தூரம் சுதந்திரமாக இயங்கவியலும் என்னும் வினா இங்கு எழுகின்றது.

இதற்கு அவரது வாழ்வு முழுமையான விடை தரவில்லை. ஆனால் தேடல் நின்றுவிடவில்லை. சமூகப் பின்னணியைக் கூறிவிடுவதால் மட்டும் ஒலிகள் எவ்வாறு பொருள் பெறுகின்றன என்பது விளங்கிவிடாது. 1977இல் வெளியான கோட்பாட்டு நூலில் இப்பிரச்சினையையே அவர் எதிர்கொண்டார். உயிரியலையும் குறியியலையும் துணைக்கொண்டு இசையின் தோற்றத்தையே ஆராய்ந்தார். 1990இல் கிழக்கு ஜேர்மன் அரசு மறைந்தது. மறு ஆண்டில், எண்பத்துநான்கு வயதில், மோசார்ட் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். அரசு மறைந்த பின்னும் அவரது முறையியல் பயனற்றுப் போகவில்லை என்பதை அந்நூல் உணர்த்தியது.

கலையைப் பொருளாதார அடித்தளத்தின் வெறும் நிழலாகக் கண்டு அமைதியுறுவது மாக்சிய விமரிசனமாகாது. படைப்பின் நுண்ணமைப்பினுள்ளேயே வரலாற்றின் இயக்கத்தைக் காட்டுதல் வேண்டும். கினெப்லர் விட்டுச் சென்ற பணி இதுவே.