கதையுள் கரைந்த சரித்திரம்

பாலிகஞ்சை அடுத்த கேயாதலாப் பகுதியை வங்காள வாசகர்கள் ஒரு துப்பறிவாளரின் இருப்பிடமாகவும் அறிவார்கள். பியோம்கேஷ் பக்ஷி என்னும் அக்கற்பனை மனிதரை, பிற்காலக் கதைகளில் அங்கே வீடு கட்டிக் குடியேற்றினார் ஆசிரியர் சரதிந்து பந்தோபாத்யாய். ஆனால் ஆசிரியரோ கல்கத்தாவில் நிலைத்திருந்தவர் அல்லர். 1899இல் ஜவுன்பூரில் பிறந்தார். 1938இல் திரைப்படக் கதை எழுதப் பம்பாய்க்குப் போனார். பின்னர் புனாவில் குடியேறினார். தாய்மொழி வழங்கும் நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டே அம்மொழியில் எழுதியவர். நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்க்கு அவர் ஒரு வகையில் உறவினர்.

அவர் 1965இல் வெளியிட்ட ‘துங்கபத்திரைக் கரையில்’ என்னும் நாவல், தென்னாட்டுக் கதை. இரண்டாம் தேவராயர் ஆண்ட பதினைந்தாம் நூற்றாண்டு விஜயநகரமே அதன் களம். ராபர்ட் சூவல் 1900இல் விஜயநகரத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் அவருக்கு ஆதாரம். அந்நூலில் அரச வமிசங்கள் உண்டு, போர்கள் உண்டு, 1443இல் அந்நகரைக் கண்ட பாரசீகத் தூதர் அப்துர் ரஸாக்கின் குறிப்புகளும் உண்டு. இத்தனையும் கையில் இருக்கும்போது எந்த எழுத்தாளனுக்கும் ஓர் ஆசை தோன்றும்: கற்றதையெல்லாம் வாசகன் தலையில் இறக்கிவிட வேண்டும் என்ற ஆசை.

சரதிந்து இறக்கவில்லை. கலிங்க இளவரசி வித்யுன்மாலா மரக்கலம் ஏறி விஜயநகரம் வருகிறாள். மணமகன் பெண் வீட்டுக்கு வருவதுதானே முறை, பெண் மணமகனைத் தேடிப் போவதா என்று அவள் மனம் குமைகிறது. அந்த மனக்குறைக்குக் காரணம் என்ன என்று கேட்கும் வாசகனுக்கு விடை அரசியலில் கிடைக்கிறது. கலிங்கமும் விஜயநகரமும் கொண்ட உறவு, மன்னனின் நிலை ஆகியவை ஒரு பெண்ணின் துயரத்துக்கு விளக்கமாக வந்து சேருகின்றன; பாடமாக வரவில்லை. பிறகு பாமினி நாட்டிலிருந்து தப்பி வந்த அர்ஜுனவர்மனும், வங்காளத்துக் கொல்லன் பலராமனும் விஜயநகரத்தினுள் நுழைகிறார்கள். இருவரும் அவ்வூருக்குப் புதியவர்கள். அவர்கள் வியந்து பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். ஸ்ரீசைலத்தை ஒட்டிய பாறைப் பள்ளத்தாக்கில் கிருஷ்ணா ஆறு பாய்வதை அறிந்தவர்கள், கடலிலிருந்து அவ்வளவு தூரம் கலம் ஏறி வருமா என்று ஐயுறக்கூடும். கதை படிக்கும்போது அந்த ஐயம் எழுவதில்லை என்பதே ஆசிரியரின் வெற்றி. தம் நூல் கதை வேடம் பூண்ட சரித்திரம் அன்று, சரித்திரக் கதையே என்று அவர் முன்னுரையில் பிரித்துக் காட்டியதும் இதை எண்ணித்தான் போலும்.

வங்காளத்தில் இம்முயற்சி அவரோடு தோன்றியதன்று. சுவடி தேடி நேபாளம் சென்ற ஹரப்பிரசாத் சாஸ்திரியும் சரித்திரக் கதை எழுதியவரே. 1922இல் மொஹெஞ்சதாரோவில் அகழாய்வு நடத்திய ராக்கல்தாஸ் பானர்ஜி, அதற்குமுன் கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணி புரிந்தவர். அங்கே வைக்கப்பட்டுள்ள பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலியைத் தினமும் கண்டிருப்பார். அந்தக் கல்லொன்றே தன் வரலாற்றைச் சொல்வதாக 1914இல் ‘பாஷாணேர் கதா’ என்னும் நூலை வெளியிட்டார். அழகிய எண்ணம்தான். எனினும் கல்லுக்கு எல்லாம் தெரியும், எதுவும் வேண்டியதில்லை. விருப்பமும் அச்சமும் இல்லாத ஒன்று பேசும்போது, அறிவு வளருமே தவிர, அடுத்த பக்கத்தைப் புரட்டும் பதைப்பு பிறப்பதில்லை. இது என் கருத்து. ராக்கல்தாஸின் அன்பர்கள் மறுக்கலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். 1950இல் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிய காலத்தில், நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற்பகுதியும் 1949இல் வந்துவிட்டது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்களுடைய நிலம் பறிமுதலான செய்தியைச் சொல்லும் உடையார்குடிச் சாசனமும் அறிஞர்கள் அறிந்ததே. சில வரிச் சாசனம் அது. ஐந்து பாகம் கொண்ட நாவலின் முடிச்சு அதற்குள் கிடந்தது.

கல்கி அதனை எங்கே தொடங்கினார்? அச்சாசனம் உள்ள ஊருக்கு அருகிலேயே, வீரநாராயண ஏரிக் கரையில், ஆடிப்பெருக்கன்று. ஏரியின் எழுபத்துநான்கு மதகுகளைப் பற்றிக் கேள்விப்பட்ட வாணர்குல வாலிபன் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். அவனும் சோழ நாட்டுக்கு அயலானே. அவன் கேட்க வேண்டியிருப்பதால், பிறர் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், மதுராந்தகர் என்னும் உரிமைச் சிக்கலை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு வமிசாவளி அட்டவணை. மாணவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். கல்கி அதே செய்தியைக் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிய சதிகாரர் வாயில் வைத்தார். பட்டம் யாருக்கு உரியது என்று பழுவேட்டரையர் வாதாடுகிறார். மறைந்திருந்து கேட்கும் வந்தியத்தேவன் அகப்பட்டால் உயிர் போகும். உயிரச்சத்தோடு கேட்ட வமிசாவளி யாருக்கு மறக்கும்?

அதனால் ஆசிரியர் நேரே பேசவே கூடாது என்று விதி செய்வதும் தவறாகும். கல்கி வாசகரை நோக்கி அடிக்கடி பேசுகிறார். முதல் பக்கத்திலேயே கற்பனை ஓடத்தில் ஏறிக்கொள்ளுமாறு அழைக்கிறார். திருப்புறம்பயத்துப் பள்ளிப்படைக்கு வந்ததும், நூறாண்டுக்கு முந்திய போரை, விஜயாலய சோழர் வீரர் தோள்மீதேறிப் போர்க்களம் புகுந்த செய்தியை, அவரே எடுத்துரைக்கிறார். கதை சற்றே நின்றுவிடுகிறது. நமக்குக் குறை தோன்றுவதில்லை. சொல்லப்படும் செய்தியே கதையாக இருக்கும்போது இடைநிறுத்தம் எப்படித் தெரியும்? வேறு சில இடங்களில் அவ்வுரை நீண்டு சலிப்பூட்டுவதும் உண்டு. வாரந்தோறும் எழுதிய தொடரில் அது இயல்பே.

வெளிமாநிலத் தமிழ் எழுத்தாளனுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. தஞ்சை வாசகனுக்கு மதகு என்றால் போதும். பாலிகஞ்சில் பிறந்து, வங்காளம் பேசி விளையாடும் தமிழ்ப் பிள்ளைக்கு ஏரியென்றாலே ரவீந்திர சரோவர்தான். விளக்கினால் ஊரில் உள்ளோர் நகைப்பார்களோ, விளக்காவிட்டால் இப்பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்றுவிடுவார்களோ என்று பேனா தயங்குகிறது. அடிக்குறிப்பு இட்டுத் தப்பிக்க முயல்பவர்கள் உண்டு. நூல்களுக்குக் குறைவில்லை, அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பே இருக்கிறது. படித்ததைக் கதையில் யார் வாயில் வைப்பது என்பதுதான் கேள்வி.

அந்தப் பிள்ளையின் வாயிலேயே வைக்கலாம். ரவீந்திர சரோவர் பாசனத்துக்கு வெட்டியதன்று; 1920களில் கல்கத்தா நகர அபிவிருத்திக் கழகம் சதுப்பு நிலத்தைக் குடியிருப்பாக்கியபோது தோண்டியது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த பாட்டி அதன் கரையில் உலவுகிறாள். ஏரிக்கு மதகு எங்கே என்று அவள் தேடுகிறாள். மதகு என்றால் என்ன பாட்டி என்று பேரன் கேட்கிறான். அவள் சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு குச்சியை எடுத்து, ஈரமண்ணில் கோடு கிழிக்கத் தொடங்குகிறாள்.