கோழிக்கள்ளனும் நகையின் எல்லையும்

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் காட்டும் நான்கனுள் முதலில் நிற்பது எள்ளல். இஸ்லாமிய அறநூலோர் நகையைப் பேசத் தொடங்கினால் முதலில் விலக்குவதும் அதுவே. அரபியில் ‘மிஸாஹ்’ என்பது உவப்பான விளையாட்டுப் பேச்சு. ‘சுக்ரிய்யா’ என்பது பிறரைத் தாழ்த்தும் ஏளனம். இமாம் கஸ்ஸாலி நாவின் கேடுகளை வகுத்தபோது இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டாமல் தனித்தனியே ஆராய்ந்தார்.

ஏறிச்செல்ல ஊர்தி கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகக் குட்டி ஒன்று தருவதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறினார்கள். குட்டியை வைத்து என்ன செய்வது என்று வந்தவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்பது மறுமொழி. திர்மிதியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில் பொய் இல்லை, புண்படுத்தலும் இல்லை. நம் சிலேடைப் புலவர்களின் வேலைதான் அது. சிரிக்கவைப்பதற்காகவே பொய் புனைவோரைக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு.

எல்லைக்கோடு திருக்குர்ஆனின் 49:11 வசனத்தில் தெளிவாகிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதும், இழிவான பட்டப்பெயரிட்டு அழைப்பதும் அங்கே தடுக்கப்படுகின்றன. ஆயினும் நபிமொழி அறிவிப்பாளர்களுள் ‘அல்-அஃரஜ்’ (முடவர்), ‘அல்-அஃமஷ்’ (பார்வை மங்கியவர்) என்றே அறியப்பட்ட பெரியோர் உளர். அடையாளத்துக்காக வழங்கும் பெயர் வேறு, இழிவுக்காகச் சூட்டும் பெயர் வேறு என்று அறிஞர் வகுத்தனர். சொல் ஒன்றே, சொல்பவன் கருத்தே அதனை வேறாக்குகிறது. வகுப்பறையில் பட்டப்பெயர் கேட்டு நகைக்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இக்கோடு நம் தீவில் சோதனைக்குள்ளானது போரியாவில். 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்ததாகக் கூறப்படும் இக்கலை, முஹர்ரம் முதற் பத்து நாள்களில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்தது. கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் உயிர்நீத்த துயரின் நினைவு நாள்கள் அவை. அந்நாள்களிலேயே மாறுவேடமும் நகைக்கூத்தும், முன்பாட்டுக்காரர் பாடக் குழுவினர் வாங்கிப் பாடும் பாட்டும்! வேடங்களுள் பல பிற இனத்தாரைப் போலச்செய்தவை. குழுக்களுக்கிடையே போட்டியும் மிகுந்தது. முஹர்ரம் ஊர்வலங்களோடு தொடர்புடைய செங்கொடி, வெண்கொடிச் சங்கங்கள், சீன இரகசியச் சங்கங்களோடு அணிசேர்ந்து 1867 ஆகஸ்டுக் கலவரத்தில் மோதியதை அறிந்தவர்க்கு, தெருப்போட்டியை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட இயலாது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1922இல் போரியாவின் தீமைகளைச் சாடி மலாய் மொழியில் ஒரு நூல் பினாங்கில் வெளிவந்தது. ஆசிரியர் முகம்மது யூசுப் பின் சுல்தான் மைதீன். ‘மைதீன்’ என்பது ‘முஹ்யித்தீன்’ என்னும் அரபுப் பெயர் தமிழ் முஸ்லிம்களின் நாவில் பெற்ற வடிவம். ஆகவே கண்டித்த குரலிலும் நம் கரையின் ஒலி கேட்கிறது. கண்டனம் நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் அது கூத்தை முற்றாக அழித்திருந்தால் ஒரு சொல்லை நாம் இழந்திருப்போம்.

பழைய போரியா வகை ஒன்றன் பெயர் ‘கோலி கள்ளன்’. கோழிக்கள்ளன்தான் அவன். மலாயில் ழகரம் இல்லை. தென்பாண்டித் தமிழிலும் ‘கோளி’ என்பார் பலர். அப்பெயரைச் சொல்லும் மலாய்க்காரர் பலர்க்கு அது தமிழ் என்பது தெரியாது. ‘அல்-அஃரஜ்’ போலவே, கேலியாகப் பிறந்த பெயர் பொருள் தேய்ந்து வெறும் பெயராக நின்றுவிட்டது.