வீடு என்பது எதை விட்ட இடம்?

கோடை விடுமுறை முடிந்து, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்த பைகள் பரணுக்கு ஏறும் ஜூன் முதல் வாரத்தில் ஒரு சொல்லாராய்ச்சியும் ஆண்டுதோறும் முளைத்துவிடுகிறது. ‘வீட்டை விட்டுப் போனால்தான் அதன் அருமை தெரியும்; அதனால்தான் விடு என்ற சொல்லிலிருந்து வீடு என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள்’ என்கிறார் ஒருவர். என்றைக்காவது விட்டுப் போகவேண்டியது என்பதால் வீடு என்று பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்குகிறார் இன்னொருவர். பற்றுகளை விடும் இடம், ஆகவே வீடு என்கிறார் சொற்பொழிவாளர். மூவரும் வேரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். வீடு விடு-வின் பிள்ளை என்பதில் ஐயமில்லை. விடு என்றால் பிரிதல், துறத்தல் என்ற இரண்டு பொருளோடு அகராதியை மூடிவிட்டதுதான் அவர்கள் தவறு. அந்த வினைக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு: பூட்டியதை அவிழ்த்தல், ஏற்றியதை இறக்கல், போய்க்கொண்டிருந்ததை நிறுத்தல். குடியிருக்கும் இடத்துக்குப் பெயர் கொடுத்தது இந்தப் பொருள்தான். வீடு என்பது புறப்பட்டுப் போகிறவன் வைத்த பெயரன்று, வந்து சேர்ந்தவன் வைத்த பெயர்.

இலக்கணத்தில் சிக்கல் ஏதுமில்லை. கெடு என்பது கேடு ஆகிறது, படு, பாடு, சுடு, சூடு, பெறு, பேறு. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். விடு, வீடு ஆவதும் அந்த வரிசைதான். தொழிலின் பெயர் இடத்துக்கு எப்படி ஆகும் என்று கேட்பவர்கள் வயலில் ஆட்டுக்கிடையைப் பார்க்கலாம். ஆடுகள் இரவில் கிடப்பதும் கிடை, அவை கிடக்கும் இடமும் கிடை. இருத்தல் இருக்கையாகி நாற்காலியையும் குறிக்கும். உறைதலிலிருந்து உறையுள் வந்தது. ஆகவே விடுதல் என்ற தொழிலும், அது நடக்கும் இடமும் வீடு என்ற ஒரே பெயரைப் பெறுவதில் புதுமை இல்லை. எதை விடுதல் என்பதே கேள்வி.

அதற்கு நிகண்டுகளைப் புரட்டுமுன் வாய்ப்பேச்சைக் கேட்பது நல்லது. பள்ளிக்கூடம் விட்டாச்சு என்கிறோம். பள்ளிக்கூடத்தை யாரும் துறந்துவிடவில்லை, அன்றைய வேலை நின்றது. மழை விட்டது. சினிமா விட்டுக் கூட்டம் வருகிறது. உச்சி வெயிலில் ஏர் விட்டார்கள் என்றால், நுகத்தடியிலிருந்து பூட்டாங்கயிற்றைக் கழற்றி மாட்டை நிழலுக்கு ஓட்டினார்கள் என்று பொருள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வா என்று பிள்ளையிடம் சொல்கிறோம். அந்தச் செருப்பை மறுநாள் காலை அதே பிள்ளை மாட்டிக்கொண்டு போகும். மூச்சு விடுவதும் இந்த வினையோடுதான். இவை ஒன்றிலும் கைவிடுதல் என்ற வாடை இல்லை. பிடித்திருந்த பிடி தளர்கிறது, அவ்வளவுதான். விடுமுறை என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. வேலையின் பூட்டை அவிழ்ப்பது விடுமுறை. அந்த விடுமுறையில் போய் இரவு தங்கும் இடம் விடுதி. திரும்பி வந்து சேரும் இடம் வீடு. ஒரே வினை மூன்று இடத்திலும் நிற்கும்போது, மூன்றாவதற்கு மட்டும் துறவுப் பொருள் கற்பிப்பது என்ன நியாயம்?

உடன்பிறந்த மொழிகளின் சாட்சி இன்னும் வலுவானது. தமிழில் சொல்முதலில் நிற்கும் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வில் பில்லு ஆகும், வேர் பேரு ஆகும். அதே வழியில் விடு பிடு ஆயிற்று, வீடு பீடு ஆயிற்று. அங்கே பீடு என்றால் படை இறங்கிய பாசறை, அரசன் தங்கிய இடம். ஹொய்சளர் தலைநகரான தோரசமுத்திரம் அழிந்தபின் பெற்ற பெயர் ஹளேபீடு. பழைய பீடு, அதாவது பழைய படைவீடு. தற்காலிகத் தங்கலுக்குப் பிடார என்ற சொல்லும் கன்னடத்தில் இதே வேரிலிருந்து வந்திருக்கிறது. தெலுங்கில் விடிதி என்பது தங்கல். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை இறக்கும் வீட்டை இன்றும் அங்கே அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். துளுநாட்டில் சமணச் சிற்றரசர்களின் மாளிகைக்குப் பெயர் பீடு. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதி, விடுதல், தங்குதல், வீடு ஆகிய இவை எல்லாவற்றையும் ஒரே பதிவில்தான் அடுக்குகிறது. தமிழுக்குள்ளேயே தேடினால் படைவீடும் பாடிவீடும் இருக்கின்றன. சம்புவராயர்களின் தலைநகரான படைவீடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் படவேடு என்று இன்றும் நிற்கிறது. முருகனின் ஆறுபடை வீடுகள் படைவீடுகளா, ஆற்றுப்படை என்பது திரிந்து வந்தவையா என்ற வழக்கு முடியாதது. எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அங்கே வீடு என்பது இறங்கித் தங்கிய இடமே ஒழிய, துறந்த இடம் அல்ல.

பாசறை இன்றிருந்து நாளை பெயர்வது, குடியிருக்கும் வீடு தலைமுறைக்கும் நிற்பது, இதிலிருந்து அது எப்படி வரும் என்று ஒரு தடை எழுப்பப்படும். விடை கன்னடக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. சாளுக்கியரும் ஹொய்சளரும் தம் தலைநகரை நெலெவீடு என்றே எழுதுவித்தார்கள். நெலெ என்பது நம் நிலை. நிலைத்த பாசறை, நிலைவீடு. இறங்குமிடம் நிலைத்தால் இருப்பிடம் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வகரம் பகரமாகாமல் இத்தொடரில் பிழைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். இறங்குமிடம் இருப்பிடமாவது அரபு மொழியிலும் நடந்திருக்கிறது. மன்ஸில் என்ற சொல் வாகனத்திலிருந்து இறங்குதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, முதலில் பயணத்தில் இறங்கித் தங்கும் இடத்தையும் பிறகு வீட்டையும் குறித்தது. நம் முஸ்லிம் தெருக்களில் வாசல் நிலைக்கு மேல் மன்ஸில் என்று பொறித்த பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். அந்தப் பலகை அரபில் சொல்வதைத் தமிழில் வீடு என்கிறோம். மலையாள நாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே வரத் தக்கது. வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட மலபார் நூலில், குடியிருப்பவரின் சாதிக்கேற்ப வீட்டின் பெயர் மாறியதைப் பட்டியலிடுகிறார்: நம்பூதிரிக்கு இல்லம், அரசனுக்குக் கோவிலகம், அடிமைக்குச் சாளை, சாதாரண நாயருக்கு வீடு. நாயர்கள் படைத்தொழில் செய்தவர்கள். அவர்கள் வாழ்விடத்தைப் பாசறையின் சொல் வந்து பற்றியதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தடை தத்துவக்காரர்களுடையது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற அடுக்கில் வீடு முத்தி அல்லவா, அதுதானே மூலப் பொருள் என்பார்கள். திருவாய்மொழியின் இரண்டாம் பதிகம் தொடங்குவதே எல்லாவற்றையும் விடச் சொல்லும் கட்டளையோடு என்பதையும் காட்டுவார்கள். அதில் துறவுப் பொருள் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முத்தியாகிய வீடும் குடியிருக்கும் வீடும் ஒரு தாய்க்குப் பிறந்த இரு பிள்ளைகள்; ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை. முத்தியிலிருந்துதான் வீடு வந்தது என்றால், ஹொய்சள அரசன் படையோடு இறங்கிய மைதானம் முத்தியிலிருந்து வந்ததா? இதே போக்கில் இல் என்ற சொல்லையும் ஒரு கூட்டம் வதைக்கிறது: இல் என்றால் இல்லை, ஆகவே இல்லம் நிலையாமையைக் காட்டுகிறதாம். இடத்தைக் குறிக்கும் இல் வேறு, இன்மையைக் குறிக்கும் இல் வேறு. முன்னது தேய்ந்து தேய்ந்து ஊரில், கடையில், மனதில் என்று வேற்றுமை உருபாகவே ஆகிவிட்டது. இடம் என்ற பொருள் இல்லாவிட்டால் அது ஏழாம் வேற்றுமைக்கு வந்து உழைத்திருக்காது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மறுமொழி தேவையில்லை.

மூன்றாம் தடைக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்தவன் சொல் வீடு என்றால், வினை முடித்து மீளும் தலைவனைப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட முல்லைத் திணையில் அந்தச் சொல் கொட்டிக் கிடக்க வேண்டாமா? அங்கே மனையும் இல்லும் நகரும்தானே முன்னால் நிற்கின்றன? உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டுகளில் விளக்கு யார் பக்கம் எரிகிறது என்று பார்க்க வேண்டும். காத்திருக்கும் பெண்ணின் பக்கம். மனை அவளுடைய இடம். மனைவி என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. இல்லாள் என்பதும் அப்படியே. தலைவன் பக்கம் இருப்பதோ பாசறை. முல்லைப்பாட்டு இந்த இரண்டு இடங்களையும் எதிரெதிரே வைத்துத்தான் தன் 103 அடிகளையும் கட்டியிருக்கிறது. வீடு அன்று பாசறைப் பக்கத்துச் சொல்லாக இருந்தது. போனவன் திரும்பியபோது அந்தச் சொல்லையும் கொண்டு வந்தான். மனைக்குள் அது குடியேறியது. குடியேறிய பிறகு பழைய குடிகளை ஓரங்கட்டியதையும் இன்று பார்க்கிறோம். மனை வெறும் நிலமாகச் சுருங்கி, சதுர அடிக் கணக்கில் கூறுபோட்டு விளம்பரத்தில் விற்கப்படுகிறது. இல்லம் அழைப்பிதழிலும் பெயர்ப்பலகையிலும் ஒதுங்கிவிட்டது. புதிதாகக் கட்டியதில் குடிபுகும்போது புதுமனை புகுவிழா என்று அச்சடிக்கிறோம். அன்று அது இன்னும் வீடு ஆகவில்லை, ஒருமுறை வெளியே போய்த் திரும்பிய பின்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுமனை என்பது வெறும் மேடைத்தமிழ் வழக்கு என்பவர்களோடு சண்டையில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து குணமாகி வருபவரை நாளிதழ்கள் வீடு திரும்பினார் என்றே எழுதுகின்றன. மனை திரும்பினார் என்றோ இல்லம் ஏகினார் என்றோ எழுதினால் வாசகர் சிரிப்பார்.

இனி, விடுமுறை முடிந்து வருகிறவருக்கு வீட்டில் கிடைக்கும் சுகம் எது என்ற கேள்விக்கு வரலாம். மெத்தையின் மென்மையில் விடுதி ஜெயிக்கும். அங்கே வெந்நீர் குழாயில் வரும், படுக்கையை இன்னொருவர் விரிப்பார், காலைச் சாப்பாடு மேசைக்கு வரும். இருந்தும் கொசுவலையும் பழைய தலையணையும் உள்ள வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்பாடா என்கிறோம்? விடுதியில் பையை இறக்குகிறோம், ஆனால் முழுதாகப் பிரிப்பதில்லை. பற்பசை ஜிப்புக்குள்ளேயே கிடக்கிறது, சாவி எங்கே என்று ஒரு கண் இருந்துகொண்டே இருக்கிறது, 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டுமே என்ற நினைப்பு ஓடுகிறது. வீட்டிலோ இருட்டில் கை தானே சுவிட்சைத் தேடிப் பிடிக்கும். எந்தக் கதவு தட்டும், எந்தக் குழாய் இரண்டு சுற்று அதிகம் கேட்கும், குளியலறையில் எந்தக் கல் வழுக்கும் என்று கால் அறியும். கண்ணும் காதும் பாராமலே காரியம் நடக்கிறது. நாலு நாளாக நுகத்தடியில் பூட்டிக் கிடந்த கவனத்தை அவிழ்த்துவிட்டார்கள்; மாடு நிழலுக்குப் போகிறது. விடுதிக்குச் சுமைதாங்கிக் கல் நல்ல உவமை. சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, ஆள் உயரத்தில் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், பிடித்து இறக்க ஆள் இல்லாமலே சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம், குனியவும் வேண்டாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். அந்தக் கல்லில் சுமை மறுபடி தலைக்கு ஏறவே இறங்குகிறது. விடுதியும் அப்படிப்பட்ட கல்தான்.

ஆக, விட்டுப் போனதால் வீட்டின் அருமை தெரிகிறது என்பவர்கள் பாதிதான் சொன்னார்கள். விட்டுப் போகாதவருக்கும் இல் உண்டு, மனை உண்டு. ஆனால் பூட்டு ஏறாத மாட்டுக்கு அவிழ்ப்பு என்பது கிடையாது. வாசலில் செருப்பை விட்டு, பையை விட்டு, ஒரு பெருமூச்சையும் விட்டு உட்காருகிறவர் இந்தச் சொல்லின் மூலப் பொருளுக்கு உடம்பாலேயே உரை எழுதிக் காட்டுகிறார். இதற்குக் கல்வெட்டில் கையெழுத்துப் போட்ட சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் வேர் இது, உடன்பிறந்த மொழிகள் இவை, பேச்சு இப்படி. துறவிகள் தங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். குடியிருக்கும் வீட்டுக்குப் பெயர் வைத்தவன், மாட்டை அவிழ்த்துவிட்டு நிழலில் காலை நீட்டிய ஒரு வண்டிக்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு.