பூட்டு யாருடையது?

வாடகை வீடோ சொந்த வீடோ, பால் காய்ச்சிய கையோடு வாசல் கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் தாத்தா காலத்தில் இந்த அறிவுரைக்கு அவ்வளவு தேவை இருந்ததில்லை. அன்று ஊரில் திருடனே கிடையாது என்று காரணம் சொல்பவர்கள், அதே காலத்தில்தான் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் தழைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அன்று பூட்டு குடியிருப்பவரின் உடைமை. வீடு மாறினால் பாத்திரம் பண்டங்களோடு அதுவும் வண்டியேறும். இன்று அது கதவின் ஒரு பாகமாகிவிட்டது. ஆள் போனாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பூட்டை மாற்றும் வழக்கம் இந்த மாற்றத்தில்தான் பிறந்தது.

பழைய கதவுகளில் உள்ளே தாழ்ப்பாளும் வெளியே நாதாங்கியும் இருக்கும். வெளியே கிளம்புகிறவர் நாதாங்கியை மாட்டித் தன் பூட்டைத் தொங்கவிட்டுப் போவார். காலி செய்கிறவர் அதைக் கழற்றிக்கொள்ள, குடிவருகிறவர் தன்னுடையதை மாட்டுவார். பழைய சாவி எவர் கையில் இருந்தாலும் இந்தக் கதவிடம் அது செல்லாது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு இந்த ஏற்பாட்டுக்கு மிகப் பொருத்தமானது. மாங்காய் வடிவக் கூட்டுக்குள் லீவர் என்கிற தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை மயிரிழை கூடாமல் குறையாமல் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். சாவிப் பல்லையும் தகட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை தொழிலாளி அரத்தால் கையாலேயே ராவுவார். அதனால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேருவது அரிது. கோயில்களும் கிடங்குகளும் நம்பி வாங்கிய இந்தப் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செட்டிநாட்டு வீடுகளின் பெரிய மரக்கதவுகளில் பூட்டு கதவோடு கதவாகவே இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடுகள் அடிக்கடி கைமாறியவை அல்ல. வீடும் சாவியும் ஒரே குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தன. முன்பு குடியிருந்தவர் என்றாலே அங்கே அப்பாவும் தாத்தாவும்தான். கதவில் பதித்த பூட்டு மட்டும் இருந்தால் சிக்கல் வராது. அந்தக் கதவுக்குள் புதுப்புது ஆட்கள் வந்துபோகவும் வேண்டும். நகரத்து வாடகை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இவை இரண்டும் சேர்ந்துவிட்டன.

பூட்டுத் தொழிலின் கவனமோ நெடுங்காலம் வேறு பக்கம் இருந்தது. 1817ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடினார்கள். கள்ளச்சாவிக்கு அசையாத பூட்டு வேண்டுமென்று அரசு பரிசு அறிவிக்க, 1818ல் ஜெரமையா சப் ஒன்றைச் செய்து காட்டினார். பொருந்தாத சாவி நுழைந்து தகட்டை அதிகமாகத் தூக்கினால் அந்தப் பூட்டு இறுகிக்கொள்ளும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். 1851ல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ் அதையும் திறந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் மசியாத பிராமா பூட்டையும் திறந்தார். ஊரே இந்தப் போட்டியைப் பேசியது. ஆனால் அசல் சாவியோ அதன் சரியான நகலோ வேறொருவர் கையில் இருந்தால் சப்பின் பூட்டு எந்த எச்சரிக்கையும் தராமல் திறந்துவிடும் என்பதுதான் வீட்டுக்காரருக்கு முக்கியமான விஷயம். அதற்கு விடை ஹாப்ஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்த நியூவெல் பூட்டில் இருந்தது. சாவியின் பற்களைக் கழற்றி வரிசை மாற்றிப் பூட்டினால், உள்ளிருக்கும் தகடுகளும் புது வரிசைக்கு மாறிக்கொள்ளும். பழைய வரிசை செல்லாது. அது வங்கிகளுக்கான விலையுயர்ந்த பூட்டு. சாமானியர் கதவுக்கு வந்துசேர்ந்தது 1860களில் லைனஸ் யேல் அமைத்த, சிறு பின்களால் (pin) இயங்கும் பூட்டு. அதன் சின்னத் தட்டைச் சாவியைத் தெருமுனைக் கடையில் சில நிமிடங்களில் நகலெடுத்துவிடலாம். ஆபத்தைப் பெருக்கிய அதே அமைப்பு பரிகாரத்தையும் எளிதாக்கியது: கதவை உடைக்காமல், சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் கழற்றி வேறு போடலாம், அல்லது உள்ளே இருக்கும் பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவிக்குப் பொருத்தலாம்.

பூட்டை மாற்றுவது முன்பிருந்தவரைத் திருடன் என்று சொல்வதாகாதா என்று சிலர் சங்கடப்படுவார்கள். அவர் பத்தரைமாற்றுத் தங்கமாகவே இருக்கட்டும். வேலைக்கார அம்மா, பக்கத்து வீடு, பெயிண்டர், புரோக்கர் என்று தன் சாவியின் நகல்கள் எங்கெங்கே போயின என்பதற்கு அவராலேயே கணக்குச் சொல்ல முடியாது. வீண் செலவு என்கிற வாதமும் நிற்காது; பெரும்பாலும் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதே இல்லை, சிலிண்டர் போதும். வாடகை வீட்டில் மட்டும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்வது முறை. காலி செய்யும்போது பழைய சிலிண்டரையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். நாதாங்கியில் தன் பூட்டைத் தொங்கவிட்ட அந்தக்காலக் குடித்தனக்காரருக்கு இருந்த உரிமைதான் இது. புதிதாக எதையும் கேட்கவில்லை. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே பூட்டுக்காரரைக் கூப்பிட்டுவிடுங்கள்.